கிறிஸ்துமஸ் லீவில் பிள்ளைகளோடு காகித வேலை: எந்தத் தாள், எந்தப் பசை, எத்தனை மடிப்பு?

#1 குடில்_டீச்சர்

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் 20 பேருக்கு ஒரு காகித வகுப்பு. வயது 5 முதல் 12 வரை. நேரம் 2 மணி. முடியும்போது கையில் இருக்க வேண்டியவை: குடிலுக்கு மேலே கட்ட 3 மீட்டர் வளையத் தோரணம் 4, ஆளுக்கு ஒரு நட்சத்திரம். பெரிய பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது ஒன்று. தெர்மாகோல் வேண்டாம், ஜிகினாத் தூளும் வேண்டாம்.

கேள்விகள் மூன்று. எல்லாவற்றுக்கும் சார்ட் பேப்பர் வாங்கினால் போதுமா? ஃபெவிகால் நல்லதா, மைதாப் பசையா? ஐந்து முனை நட்சத்திரத்தைக் காம்பஸ், பாகைமானி இல்லாமல் வெட்ட வழி உண்டா?

#2 மடிப்புக்காரன்

சார்ட் வேண்டாம் டீச்சர். இந்த மாதிரி வகுப்புகள் கெட்டுப்போவது பெரும்பாலும் சார்ட்டால்தான். ஒற்றைத் தாளாக வெட்டலாம், இரண்டாக மடித்தாலே சின்னக் கத்தரிக்கோல் திணறும். வளையமாகச் சுருட்டினால் விறைத்துக்கொண்டு ஒட்டை நெம்பித் திறந்துவிடும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று நாம் நினைப்போம். கோளாறு தாளில் இருக்கும்.

கலர் ஏ4 ஜெராக்ஸ் தாள், 75 அல்லது 80 ஜி.எஸ்.எம் (தாளின் கன அளவு), கலந்த நிறத்தில் ஒரு கட்டு வாங்குங்கள். தோரணம், நட்சத்திரம் இரண்டுக்கும் அதுவே போதும். மெல்லிசாக வேண்டிய இடத்துக்கு மட்டும் பட்டத் தாள்.

#3 கணக்குப்பிள்ளை

தோரணக் கணக்கு. ஏ4 தாளின் அளவு 21 × 29.7 செ.மீ. அகலவாக்கில் 2.5 செ.மீ பட்டையாக வெட்டினால் ஒரு தாளில் 21 செ.மீ நீளத்தில் 11 பட்டை வரும். ஒட்டுக்கு 1.5 செ.மீ ஏறினால் சுற்றளவு 19.5, அதாவது விட்டம் 6.2 செ.மீ. மீட்டருக்கு சுமார் 16 வளையம், 3 மீட்டருக்கு 48.

ஒரே சங்கிலியை வரிசையில் நின்று நீட்டச் சொல்லாதீர்கள், ஒருவர் ஒட்ட மற்றவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கு 9 வளையத் துண்டு. 5 பேர் துண்டுகளை 4 இணைப்பு வளையம் போட்டுச் சேர்த்தால் 49 வளையம், ஒரு தோரணம். 20 பேருக்கு 4 தோரணம் சரியாக வருகிறது. மொத்தம் 196 பட்டை.

#4 மடிப்புக்காரன்

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், தாள் மிச்சமாகும். நட்சத்திரத்துக்கு ஏ4-இல் நீளப் பக்கத்திலிருந்து 5 செ.மீ வெட்டி எடுத்துவிட வேண்டும். மிச்சம் 21 × 24.7. வெட்டி எடுத்த துண்டு 21 × 5, அதை நெடுக்கே இரண்டாகப் பிளந்தால் இரண்டு தோரணப் பட்டை! 20 நட்சத்திரத்திலிருந்து 40 பட்டை கிடைத்துவிடும். மீதி 156 பட்டைக்கு 15 தாள். ஆக 35 தாள், கெட்டுப்போவதற்கு ஒரு 10.

ஏன் 24.7? கீழே உள்ள மடிப்பு இந்த விகிதத்தில்தான் 36 பாகையைத் தானாகக் கொடுக்கும். பாகைமானி தேவையில்லை.

1. தாளின் 24.7 பக்கத்தைப் பாதியாக மடியுங்கள். 21 அகலம், 12.35 உயரம் வரும். மடிந்த விளிம்பு மேலே இருக்கட்டும்.
2. இடம் வலமாக ஒரு முறை, மேல் கீழாக ஒரு முறை பாதியாக மடித்துப் பிரித்துக் கோடு மட்டும் விழச் செய்யுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளிதான் நட்சத்திரத்தின் மையம். அதைப் பேனாவால் குறித்துவிடுங்கள்.
3. மேல் இடது மூலையை எடுத்து, மையத்திலிருந்து மடிப்பு விழும்படி, வலப்பக்கம் உள்ள கிடைக்கோட்டின் மேல் அந்த மூலையின் நுனி உட்காரச் செய்து அழுத்துங்கள்.
4. அதே மடலைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்து, அதன் விளிம்பு இடது மடிப்போடு சேரும்படி பாதியாக மடியுங்கள்.
5. 3-ஆம் படியில் மடலின் விளிம்பு கிடந்த கோடு வழியாக வலப்பகுதியை இடப்பக்கம் மடியுங்கள். அதன் விளிம்பு 4-ஆம் படியின் மடிப்பைத் தொட்டு நிற்கும்.
6. கிடைத்த ஆப்பு வடிவத்தை நடுக்கோட்டில் பாதியாக மடித்தால் 36 பாகைக் கூம்பு. உள்ளே 10 அடுக்கு.
7. கூர்நுனியிலிருந்து (மையம்) ஒரு விளிம்பில் 10 செ.மீ, மறு விளிம்பில் 4 செ.மீ குறித்து, இரண்டையும் இணைக்கும் நேர்க்கோட்டில் ஒரே வெட்டு.

பிரித்ததும் ஐந்து முனை. முனைக்குப் போகும் கோடுகளை மேடாகவும் இடுக்குக்குப் போகும் கோடுகளைப் பள்ளமாகவும் கிள்ளிவிட்டால் புடைத்த நட்சத்திரம். பசையே வேண்டாம்.

#5 சிவகாசி_செவப்பு

சதுரத் தாளை நாலாக மடித்து மறுபடி மூலைக்கு மூலை மடித்துச் சரிவாக வெட்டினாலும் நட்சத்திரம் வருமே? எதற்கு இவ்வளவு மடிப்பு?

#6 மடிப்புக்காரன்

வரும், முனை நான்கு வரும். இன்னொரு முறை மடித்தால் எட்டு. ஐந்து வரவே வராது. பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் 2, 4, 8 என்றுதான் பெருகும். ஐந்துக்கு 72 பாகை மடிப்பு ஒன்று எங்காவது நுழைந்தாக வேண்டும், மேலே 3-ஆம் படி அதற்குத்தான்.

தவறுகளும் சொல்லிவிடுகிறேன். வெட்டு ஒரு விளிம்புக்குச் செங்குத்தாகப் போனால் ஐங்கோணம் வரும், சரிவு போதவில்லை என்று அர்த்தம். 4-க்குப் பதில் 5 செ.மீ குறித்தால் குண்டு நட்சத்திரம். சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்லது, முனை சீக்கிரம் வளையாது. முனைகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று வந்தால் கூர்நுனியில் அடுக்குகள் ஒரே புள்ளியில் கூடவில்லை. ஒவ்வொரு மடிப்பையும் மையத்தில் தொடங்கி வெளியே தேய்க்கச் சொல்லுங்கள், வெளியிலிருந்து மையத்துக்கு அல்ல. நுனியில் ஓட்டை விழுந்தாலும் காரணம் இதேதான்.

10 அடுக்கு ஜெராக்ஸ் தாள் என்றால் ஒரு மி.மீ கனம். அந்த ஒரு வெட்டை 10 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரியவர் போட்டுக் கொடுக்க வேண்டும். கத்தரிக்கோலின் நுனியால் வெட்டாமல் திருகாணிக்கு அருகில் உள்ள அடிப்பகுதியால் வெட்டினால் அடுக்கு நழுவாது.

#7 பசைவாளி

பசைக்கு வருகிறேன். மைதாப் பசை ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர். உங்கள் கூட்டத்துக்கு 4 மேசைக்கரண்டி மைதா, 300 மில்லி தண்ணீர் தாராளம். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு சிறு தீயில் விடாமல் கிளறினால் நாலைந்து நிமிடத்தில் வெள்ளை மங்கிக் கண்ணாடிபோல் ஆகும், அப்போது இறக்குங்கள். சூடான தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகத்தான் இருக்கும், வடிகட்டினாலும் பிடிப்பு குறைவு.

ஒரு எச்சரிக்கை. போஸ்டர் ஒட்டுகிற பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராது, புளிக்காது. அது விஷம். பிள்ளைகள் விரலால் எடுக்கும் பசையில் ஒரு சிட்டிகை கூடக் கூடாது. அன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

#8 கத்தரிக்கோல்

தோரணத்துக்கு மைதாவா? டிசம்பரில் வடகிழக்குப் பருவமழைக் காற்றில் அது காய்வதற்குள் வளையம் பிரிந்து தரையில் கிடக்கும். காய்ந்தாலும் கரப்பான் விடாது. எல்லாவற்றுக்கும் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான்.

#9 பசைவாளி

கத்தரிக்கோல் சொல்வது தோரணத்துக்குச் சரி. எல்லாவற்றுக்கும் என்பது சரியில்லை. வெள்ளைப் பசையைப் பட்டத் தாளில் தடவிப் பாருங்கள், ஒட்டிய இடம் பளபளப்பாகக் கறை தெரியும், தப்பாக ஒட்டினால் நகர்த்தவும் முடியாது, கிழியும். மைதா சற்று நேரம் வழுக்கும், இழுத்துச் சரிசெய்யலாம். குச்சியில் தாள் ஒட்டும் வேலைக்கு அந்த வழுக்கல் வேண்டும்.

ஆகவே: வளையத்துக்குப் பசைக் குச்சி (க்ளூ ஸ்டிக்), கூம்பு மாதிரி விறைப்பான வேலைக்கு வெள்ளைப் பசை, குச்சிக்கூட்டில் பட்டத் தாளுக்கு மைதா.

வெள்ளைப் பசையைப் பிள்ளைகள் கையில் புட்டியோடு கொடுக்காதீர்கள். மூடியில் ஒரு சொட்டு, தடவ ஒரு பட்ஸ். பசை கூடினால் தாள் அலை அலையாக எழும்பும். பசையில் உள்ள தண்ணீரைக் குடித்து இழை வீங்குவதால் வருவது அது, காய்ந்தபின் தேய்த்தாலும் போகாது.

#10 கத்தரிக்கோல்

சரி, பசைக் குச்சியோடு சமாதானம் 🙂

வளையத்தில் இன்னொன்று. ஒட்டியதும் விரலிடுக்கில் பிடித்து பத்து எண்ணச் சொல்லுங்கள். 5, 6 வயதுப் பிள்ளைகள் ஒட்டியவுடனே விட்டுவிடுவார்கள், பாதி வளையம் பிரிவது இதனால். எண்ணுவதை அவர்கள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்டேப்ளர் போட்டால் பின்னின் கூர் வளையத்துக்குள் மடிந்து நிற்கும், அடுத்த பட்டையை நுழைக்கும் விரலைக் கிழிக்கும். இணைப்பு வளையம் நான்குக்கு மட்டும் பெரியவர் அடிக்கலாம்.

இடக்கைப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அழுத்தும்போது இரண்டு அலகும் விலகும், தாள் வெட்டாமல் நடுவில் மடியும். முனை மழுங்கிய இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்று இருந்தால் போதும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மடிப்பு வேலை கொடுங்கள், வலக்கைக்கு மாற்றச் சொல்லவே கூடாது. வட்டம் வெட்டும்போது வலக்கைக்காரர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில், இடக்கைக்காரர் கடிகாரத் திசையில். திரும்ப வேண்டியது தாள், கத்தரிக்கோல் அல்ல.

#11 குடில்_டீச்சர்

அருமை. 5, 6 வயதுக்காரர்கள் ஏழு பேர். நட்சத்திர மடிப்பு அவர்களுக்குக் கடினம் என்று தெரிகிறது. அவர்கள் கையாலேயே முழுதாக முடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். பனிப்பூ வெட்டலாமா?

#12 கணக்குப்பிள்ளை

கூம்பு கொடுங்கள். 10 செ.மீ ஆரமுள்ள அரைவட்டம் ஒன்றைச் சுருட்டினால் அடி 10 செ.மீ அகலம், உயரம் ஏறக்குறைய 8.7. இது வானதூதர் உடம்பு. கால்வட்டம் சுருட்டினால் அடி 5, உயரம் 9.7, ஒல்லியான மரம். வட்டத்தை நீங்கள் வெட்டி வைத்துவிடலாம், சுருட்டி ஒட்டுவது, முகம் வரைவது, சிறகு ஒட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. சிறகுக்குச் சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாள் போதும், தூள் வேண்டாம்.

சுருட்டும் முன் அரைவட்டத்தை மேசை விளிம்பில் வைத்து இழுத்து ஒரு வளைவு கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தாள் முறிந்து கூம்பு பட்டை பட்டையாக நிற்கும். அரைவட்டத்தின் நேர் விளிம்பில் நடுப்புள்ளியைச் சிவப்பில் குறித்து, "சிவப்புப் புள்ளி உச்சிக்கு வரணும்" என்று ஒரே ஒரு கட்டளை. புள்ளி நகர்ந்தால் கூம்பு சாயும்.

#13 மடிப்புக்காரன்

பனிப்பூ 9 வயதுக்கு மேல். பனித்துகள் ஆறு முனை, தண்ணீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாக அடுக்குவதால். எட்டு முனையாக வெட்டி மாட்டினாலும் அழகுதான், ஆனால் அது கோலம் ஆகிவிடும். எனக்குக் கோலத்தில் குறையில்லை.

ஆறுக்கு: 15 செ.மீ சதுரப் பட்டத் தாளை மூலைக்கு மூலை மடியுங்கள். நீளப் பக்கம் கீழே. அதன் நடுவில் கடிகார மையம் இருப்பதாக வைத்துக்கொண்டு வலப்பக்கத்தை 1 மணிக் கோட்டில் இடப்புறமாக மடித்து, இடப்பக்கத்தை 11 மணிக் கோட்டில் அதன் மேல் மடியுங்கள். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். பாதியாக இன்னொரு மடிப்பு, 12 அடுக்கு. மேலே துருத்தும் காதுகளை வெட்டிவிட்டு, பக்கங்களில் முக்கோணம், அரைவட்டம் என்று கொத்துங்கள். ஒரு பக்கத்து வெட்டு மறுபக்கம் வரை போனால் பூ இரண்டாகிவிடும். நடுவே பென்சிலால் "இதைத் தாண்டாதே" என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் அந்த அழுகை மிச்சம்.

ஜெராக்ஸ் தாளில் 12 அடுக்கு பிள்ளைகள் கைக்கு வராது.

#14 தூத்துக்குடி_ஸ்டார்

பெரிய பிள்ளைகளுக்கு ஸ்டார் லைட் கட்டச் சொல்லுங்க டீச்சர். 10, 11, 12 வயது ஆறு பேர் இருந்தா ரெண்டு ஸ்டார். தென்னை ஈர்க்கு 30 செ.மீ அளவுக்குத் தாங்கும், அதுக்கு மேல மூங்கில் சீம்புதான் (பிளந்து சீவின குச்சி).

ஸ்டார் ஒண்ணுக்கு 50 செ.மீ மூங்கில் குச்சி 10. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு முனையிலிருந்தும் 19 செ.மீ-ல அடையாளம். ஐந்து குச்சியை ஐமுனையா அடுக்கும்போது குச்சிகள் ஒண்ணையொண்ணு வெட்டுற இடம் சரியா அந்த அடையாளத்துல விழணும். விழுந்துட்டா ஸ்டார் கோணாது, கண்ணளவு வேண்டியதே இல்ல. வேற நீளம்னா நீளத்தை 0.382-ஆல பெருக்கிக்கோங்க, 30 செ.மீ ஈர்க்குக்கு பதினொன்னரை. ஒரு குச்சி ஒரு வெட்டுல மேல போனா அடுத்த வெட்டுல கீழ போகணும். அப்பதான் தட்டையா நிக்கும்.

இப்படி ரெண்டு ஸ்டார் கட்டி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் நூலால இறுக்கணும். நடுவுல இருக்கிற ஐங்கோண மூலை அஞ்சுலயும் 10 செ.மீ முட்டுக்குச்சி கொடுத்து நெம்பி விட்டா வயிறு புடைச்சு நிக்கும். முட்டுக்குச்சி எல்லாம் ஒரே அளவு இருக்கணும், ஒண்ணு கூடினாலும் முனை முறுக்கிக்கும்.

மூங்கில் சீம்பை முதல்லயே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வைங்க, சிலாம்பு ஏறினா பிள்ளைக வேலையை விட்டுரும்.

#15 பசைவாளி

அண்ணாச்சி, தாள் ஒட்டும்போது வெட்டு எவ்வளவு கூட விடுவீர்கள்? பல்பு?

#16 தூத்துக்குடி_ஸ்டார்

சுத்தி 1.5 செ.மீ கூட விட்டு, ரெண்டு செ.மீ-க்கு ஒரு வெட்டு கொடுத்து குச்சியைச் சுத்தி மடிச்சு ஒட்டணும். வெட்டு கொடுக்காம மடிச்சா மூலையில சுருக்கம் நிக்கும். பின்பக்க ஐங்கோணத்தை மட்டும் ஒட்டாம விடுங்க, பல்பு போக வழி.

குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். ஜீரோ வாட்னு பேருதான், 12 முதல் 15 வாட் வரைக்கும் எடுக்கும், சூடு ஏறும், பட்டத் தாளைத் தொட்டா கருகும். அரை வாட் எல்.இ.டி போதும். பிள்ளைக வேலைக்கு பேட்டரியில எரியுற எல்.இ.டி சரம் இன்னும் நல்லது, கரண்டு பயம் இல்ல.

#17 மட்டுநகர்_கூடு

வணக்கம். இங்க இலங்கையில வெசாக் கூடு (வெசாக் எண்ட புத்த சமயப் பண்டிகைக்குக் கட்டுற கடதாசி விளக்கு) கட்டுற ஆக்களும் இதே வேலைதான் செய்யிறவை, மாதம் மட்டும் வேற. தாள் தொய்ஞ்சு போனா பயப்பட வேண்டாம். பசை நல்லாக் காய்ஞ்ச பிறகு ரிசு பேப்பரில (பட்டத் தாள் மாதிரி மெல்லிசுத் தாள்) தண்ணியைப் புகைமாதிரி தெளிச்சு விடுங்கோ, காயேக்க இழுபட்டு மேளம்போல இறுகும். ஆனா முதல்ல ஒரு துண்டில சோதிச்சுப் பாருங்கோ. சிவப்பும் கடும் நீலமும் சாயம் விடும், பக்கத்துத் தாளும் கறையாப்போகும். வெள்ளை, மஞ்சள் பிரச்சினை இல்லை.

குச்சி மெலிசா இருக்கிற இடத்தில தெளிக்க வேண்டாம். தாள் இறுகேக்க ஈர்க்கையே வளைச்சுப் போடும்.

#18 சிவகாசி_செவப்பு

கிரேப் பேப்பரும் சாயம் விடும், வியர்த்த கையில் ஒட்டிக்கொள்ளும். உடுப்பில் பட்டால் போகாது. அந்த வகுப்பில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பனி மாதிரி இருக்கக் கல் உப்பு ஒட்டலாம் என்று ஆங்காங்கே சொல்கிறார்கள். மழைக்காலத்தில் உப்பு நீர்த்து வடியும். ரவை ஒட்டினால் எறும்பு. பஞ்சு போதும்.

#19 மடிப்புக்காரன்

ஸ்டாரில் சேராத பெரியவர்களுக்கு ஒன்று: டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பின்னல் இதயம். உள்ளே மிட்டாய் போடலாம், அதனால் பிள்ளைகள் பாதியில் விடமாட்டார்கள்.

இரண்டு நிறத்தில் 6 × 18 செ.மீ கிளேஸ் பேப்பர். பாதியாக மடித்தால் 6 × 9. மடிந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தை அரைவட்டமாக வளைத்து வெட்டுங்கள். மடிந்த பக்கத்திலிருந்து 2 செ.மீ இடைவெளியில் இரண்டு கீறல், ஒவ்வொன்றும் 6.3 செ.மீ நீளம். கீறல் சரியாக 6 என்று நின்றால் கடைசிப் பட்டை உள்ளே போகாது, அந்த 3 மி.மீ அதற்குத்தான்.

பாய் முடைவதுபோல் மேலே கீழே என்று பின்னக் கூடாது. ஒவ்வொரு பட்டையும் இரட்டைத் தாள். ஒரு நிறப் பட்டை மற்றதன் வயிற்றுக்குள் நுழையும், அடுத்த இடத்தில் மற்றதைத் தன் வயிற்றுக்குள் விழுங்கும். அடுத்த வரிசையில் மாற்றித் தொடங்க வேண்டும். பாய் முடைந்தால் இதயம் தெரியும், ஆனால் பை திறக்காது.

#20 கணக்குப்பிள்ளை

தாளுக்கு இழை ஓட்டம் உண்டு, அதையும் சொல்லிவிடலாம். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணும், அதுதான் ஓட்டம். ஓட்டத்தோடு மடித்தால் கோடு சுத்தம், குறுக்கே மடித்தால் விளிம்பு நொறுங்கும். ஏ4-இல் பெரிதாகத் தெரியாது. சார்ட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மடிக்கும் இடத்தில் தீர்ந்துபோன ரீஃபிலை ஸ்கேல் பிடித்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள்.

#21 குடில்_டீச்சர்

வாங்கப்போவது இவ்வளவுதானே, சரிபாருங்கள்:

கலர் ஏ4 45 தாள் நட்சத்திரத்துக்கும் தோரணத்துக்கும், கூம்புக்குத் தனியாக 7. பட்டத் தாள் ஸ்டாருக்கும் பனிப்பூவுக்கும். கிளேஸ் பேப்பர் சிவப்பு, வெள்ளை. பசைக் குச்சி 10, சின்ன வெள்ளைப் பசை 2. மைதா வீட்டிலேயே. கத்தரிக்கோல் 20. 50 செ.மீ சீம்பு 20, முட்டுக்குச்சி 10, எல்.இ.டி சரம் 2.

முதல் 50 நிமிடம் எல்லோருக்கும் தோரணம். பிறகு மூன்று மேசை: சின்னவர்கள் கூம்பு, நடுவயது நட்சத்திரமும் பனிப்பூவும், பெரியவர்கள் ஸ்டார்.

#22 கத்தரிக்கோல்

கத்தரிக்கோல் 20 எதற்கு? பட்டை எல்லாவற்றையும் முந்தின நாளே வெட்டி வைத்தால் தோரண நேரத்தில் ஒன்றுகூட வேண்டாம், அப்புறம் 8 போதும். 50 நிமிடமும் அதிகம். ஆளுக்கு 9 வளையம் அரை மணியில் முடியும், மிச்ச நேரத்தை ஸ்டார் மேசைக்குக் கொடுங்கள், அது இழுக்கும்.

சின்னவர்களுக்கும் நட்சத்திரம் வேண்டும் அல்லவா? நட்சத்திர மடிப்பை நீங்கள் தயாராக வைத்து ஒரு வெட்டும் போட்டுவிடுங்கள். பிரிப்பதை மட்டும் அவர்கள் செய்யட்டும்.

#23 தூத்துக்குடி_ஸ்டார்

நூல் எழுதலையே டீச்சர். ஸ்டார் ஒண்ணுக்கு 30 கட்டு, கட்டுக்கு ஒரு அடி. ரெண்டுக்கும் சேர்த்து 20 மீட்டர் எடுத்து வைங்க. நைலான் வழுக்கும், பருத்தி நூலே வாங்குங்க. சீம்பு கட்டுற வேலையை முந்தின நாளே முடிச்சு வச்சா, அன்னைக்கு பிள்ளைகளுக்கு முட்டுக்குச்சியும் தாளும் மட்டுந்தான். ரெண்டு மணி நேரத்துல அது ஆகும், மொத்தமும் ஆகாது.

#24 குடில்_டீச்சர்

நூல் சேர்த்துவிட்டேன். கத்தரிக்கோல் 8, அதில் இடக்கை 1.